ஞாயிறு டிராக், திங்கள் ஆஸ்பத்திரி

பன்னிரண்டு வருடங்களாக மஸ்கட்டில் நர்ஸ் வேலை பார்க்கிறேன். அங்கே டிரைவிங் லைசென்ஸ் வாங்குவதற்குள் தாவு தீர்ந்துவிடும். இரும்பு டிரம்களுக்கு நடுவே காரைப் பின்பக்கமாக நுழைத்துக் காட்ட வேண்டும். ஒரு டிரம் லேசாக அசைந்தாலும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். நான் மூன்று முறை வீட்டுக்குப் போனேன். நான்காவது முறை தேறினேன். அன்றிலிருந்து பிடித்தது கிறுக்கு. இரவு டியூட்டி முடிந்து எல்லோரும் தூங்கப் போகும்போது நான் மலைப்பாதையில் காரை ஓட்டிக்கொண்டு போய்விட்டு வருவேன். நாற்பத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு இது தேவையா என்று கேட்காத ஆள் கிடையாது.

இந்த லீவில் எனக்கு இரண்டு வேலைகள் இருந்தன. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. திங்கட்கிழமை தாம்பரம் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். அதற்கு முந்தைய நாள், ஞாயிற்றுக்கிழமை, இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் சாதாரண ஆட்கள் தங்கள் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்க ஒரு நாள் திறந்துவிடுகிறார்கள். அதில் எனக்கு ஓர் இடம் கிடைத்திருந்தது. இரண்டுக்கும் கார் வேண்டும். வீட்டில் இருந்ததோ தம்பி டேவிட்டின் பைக் மட்டும்தான்.

ஒரே கார் வாங்கினால் போதும் என்று முடிவு செய்தேன். டிராக்கில் நான் ஓட்டுவேன், பிறகு அது படப்பையில் தம்பி வீட்டிலேயே அம்மாவுக்காக நிற்கும். புதன்கிழமை காலை வீட்டுக்குள் நுழைந்து பெட்டியை வைத்ததும் இதைச் சொன்னேன். டேவிட் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னாக்கா, ரேஸு கீஸுன்னு சொல்லிகினு கீற? கார் டிராக்ல போய் பல்டி அடிச்சா இன்னா பண்ணுவ?"

"பல்டி எல்லாம் அடிக்காது."

"இன்சூரன்ஸ் குடுப்பானா?"

டிராக்கில் நடப்பதற்கு இன்சூரன்ஸ் கிடையாது. பொய் வாய்வரை வந்தது; அம்மா பார்த்துக்கொண்டிருந்ததால் உண்மையைச் சொல்லித் தொலைத்தேன்.

டேவிட் கையைக் கழுவிவிட்டு வந்து ஒரே ஒரு நிபந்தனை போட்டான். "ஞாயித்துக்கெழம நீ இன்னா வேணா பண்ணு. திங்கக்கெழம காலைல எட்டு மணிக்கு கார் முழுசா வூட்டு வாசல்ல நிக்கணும். இந்தக் காலை வெச்சிகினு அம்மாவ ஷேர் ஆட்டோல ஏத்த மாட்டேன்."

அவன் சொன்னதில் தப்பே இல்லை. படப்பையிலிருந்து தாம்பரம் போகும் சாலையில் ஷேர் ஆட்டோவின் பின் சீட்டில் நல்ல முழங்காலே தாங்காது. ஆகவே என் ஆசையின் எல்லை தெளிவாகிவிட்டது. டிராக்கில் காருக்கு ஏதாவது ஆனால் வலி அம்மாவுக்கு.

அன்று மாலையே படப்பையில் ஒரு பழைய கார் ஷோரூமுக்குப் போனேன். "ஃபேமிலி கார்" என்றதும் விற்பவர் ஏழு பேர் உட்காரும் ஒரு வண்டியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். உயரமாக, பெரிய கடைச் சரக்கு அலமாரி போல நின்றது. எனக்கு வேண்டியது எடை குறைந்த, தரையோடு ஒட்டி நிற்கும், கையால் கியர் போடும் சின்ன பெட்ரோல் கார். எடை கூடினால் பிரேக்குக்கும் டயருக்கும் கேடு. இதை நான் சொல்லச் சொல்ல அவர் என் பின்னால் எட்டிப் பார்த்தார். கணவர் எங்கோ வண்டியை நிறுத்திவிட்டு வருகிறார் என்று கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தார் பாவம்.

வியாழக்கிழமை ஒரகடத்தில் ஒரு கார் இருப்பதாகக் கேள்விப்பட்டு ரோட்டில் நின்றேன். ஷேர் ஆட்டோக்கள் நிரம்பி வழிந்தன. ஒரு வெள்ளை பஸ் மெதுவாக வந்தது. கை காட்டினேன், நின்றது, ஏறினேன். உள்ளே எல்லாம் இருபது இருபத்திரண்டு வயதுப் பெண்கள். அத்தனை பேரும் கழுத்தில் அட்டையோடு தூங்கிக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு அமைதியான ஊர் என்று வியந்தபடி உட்கார்ந்தேன். பஸ் ஒரு பெரிய கேட்டுக்குள் நுழைந்து நின்றபோதுதான் பக்கத்திலிருந்த பெண் கண்விழித்து என் வெறும் கழுத்தைப் பார்த்தாள்.

"யக்கா, இது கம்பெனி பஸ்ஸு. நீங்க எந்த லைனு?"

நான் எந்த உற்பத்தி லைனும் இல்லை. செக்யூரிட்டி அறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்தது, இனிப்பு அதிகமான ஒரு டீயும் கிடைத்தது. அரை மணி நேரம் கழித்து, நான் ஒற்றர் இல்லை, கார் வாங்க வந்தவள்தான் என்று நம்பி வெளியே விட்டார்கள். அது டேவிட்டின் கம்பெனிகூட இல்லை. ஆனாலும் மதியத்துக்குள் அவன் ஷிஃப்ட் முழுவதற்கும் விஷயம் தெரிந்திருந்தது.

வெளியே வந்து நடந்தேன். மஸ்கட்டில் அழுக்குக் காரை ஓட்டினால் அபராதம் போடுவார்கள். இங்கே புதுக்கார்களே தூசி போர்த்திக்கொண்டு, இரண்டடுக்கு லாரிகளில் வரிசையாக எதிரே போய்க்கொண்டிருந்தன. அவற்றைச் செய்கிறவர்கள் பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வேலைக்கும் வீட்டுக்கும் போகிறார்கள். டேவிட்டும் அப்படித்தான். பத்து வருடத்துக்கு மேலாகக் காருக்குள் சீட் மாட்டுகிறான். அவனுக்கென்று ஒரு கார் கிடையாது.

ஒரு டீக்கடையில் வெங்காய போண்டா அருமை. பக்கத்தில் இரண்டு ஒடிசாப் பையன்கள் இந்தியில் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஆஸ்பத்திரி இந்தி தெரியும். "கம்பெனிக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி ஒழுகினா பத்து பேர் ஓடி வர்றான். நம்ம ரூம் ஒழுகுதுன்னா ஒருத்தனும் வரமாட்டேங்கறான்" என்றான் ஒருவன். "ரூமை லைன்ல தூக்கி வை, வருவாங்க" என்றான் மற்றவன். நான் சிரித்ததைப் பார்த்து இருவரும் மிரண்டு போனார்கள்.

ஒரகடத்துக் கார் சிவப்பு நிறம். பார்த்தால் ரேஸ் கார்தான்: தரையை உரசும் உயரம், வாணலி அகலத்துக்குப் புகைக்குழாய், பின்னால் ஒரு இறக்கை. முடுக்கினால் தெரு நாய்கள் ஓடின. ஆனால் இறக்கை வைத்தவர் பிரேக் பேடை மாற்றவில்லை. டயர்கள் வழுக்கையாக இருந்தன. காட்டுவதற்கு ஓட்டிய காரை ஓட்டுவதற்கு வாங்கக் கூடாது. போதாக்குறைக்கு, அம்மா அதில் உட்கார வேண்டுமானால் முதலில் தரையில் உட்கார வேண்டும்.

வெள்ளிக்கிழமை டேவிட்டுக்கு வார விடுமுறை. என் அலைச்சலைப் பார்த்து மனம் இளகியோ, மறுபடி நான் வேறு கம்பெனிக்குள் போய்விடக் கூடாது என்று பயந்தோ, அவனே வந்தான். கூடவே இரண்டு நண்பர்கள். குமார், பிரேக் செய்யும் கம்பெனியில் வேலை, பக்கத்துத் தெரு. இசக்கி, டயர் கம்பெனி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து படப்பையில் வாடகைக்கு இருக்கிறான். மூன்று பேர், இரண்டு பைக், நடுவில் நான்.

வல்லம் வடகாலில், கம்பெனி மதிலுக்குப் பின்னால் மிச்சமிருக்கும் நாலைந்து வீடுகளில் ஒன்றில் அந்தக் கார் நின்றது. சாம்பல் நிறம், ஒன்பது வயது, ஐந்து பேர் உட்காரும் சின்ன கார். உடையவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. பள்ளிக்கும் வீட்டுக்கும் தவிர வேறெங்கும் ஓட்டியதில்லையாம்.

"நாலாவது கியருக்கு மேல நான் போட்டதே இல்லமா. அஞ்சாவது கியர் புதுசாவே இருக்கும்" என்றார் பெருமையாக.

எதற்கு வாங்குகிறீர்கள் என்று கேட்டார். அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக, என்றேன். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. கொஞ்சம் குற்ற உணர்வாகத்தான் இருந்தது. அந்த அஞ்சாவது கியர் இரண்டு நாளில் என்ன பாடு படப்போகிறது என்று எனக்குத் தெரியும்.

இனி நடந்ததை நான் மஸ்கட்டில் யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். சாதாரணமாக ஒரு பழைய காரைப் பார்க்கப் போகிறவர்கள் சுற்றிச் சுற்றி வந்து எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தட்டிப் பார்ப்பார்கள். இவர்கள் அப்படி இல்லை. இசக்கி நேராக டயர்களிடம் போனான். டயர் செய்த வாரத்தையும் வருடத்தையும் சொல்லும், பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்க எண்ணைப் படித்தான். "எக்கா, டயரு செஞ்சே ரெண்டு வருசம்தான் ஆவுது. ஒரு வெடிப்பு கெடையாது பாத்துக்கிடுங்க" என்று எழுந்து கையைத் தட்டிக்கொண்டான். குமார் சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்தான். "டிஸ்க் சூப்பரா கீது. பேடு முக்கால்வாசி கீது. ஆயில் மட்டும் மாத்திக்கலாம், நான் மாத்தித் தரேன். அப்பவும் மூணு ரவுண்டுக்கு மேல ஓட்னா சூடாயி பேஜார் பண்ணும் யக்கா, ஆற வுட்டு ஓட்டு." அவனும் எழுந்துகொண்டான். இருவரும் போய் நிழலில் நின்றார்கள். ஆளுக்கொரு வேலை, முடிந்தது.

டேவிட் இடது பக்கக் கதவைத் திறந்து முன்சீட்டுக்கு அடியில் தலையை விட்டான். வெகு நேரம் தலையை வெளியே எடுக்கவில்லை. நான் குனிந்து பார்த்தேன். சீட்டைத் தரையோடு பிடித்திருக்கும் நான்கு போல்ட்டுகள். ஒவ்வொன்றின் தலைமேலும் மங்கிய மஞ்சள் பெயிண்டில் ஒரு சின்னக் கோடு.

"முறுக்கி முடிச்சதும் பெயிண்ட் பேனால கோடு போடணும்க்கா. அப்புறம் லூஸாச்சுன்னா கோடு விலகிக் காட்டிக் குடுத்துடும்" என்றான். அவன் சட்டைப் பையில் எப்போதும் ஒரு மஞ்சள் பேனா இருக்கும். கணக்கு எழுதவோ என்று நினைத்திருந்தேன். "கோட்டைப் பாரு. எந்தப் பக்கம் சாயுது?"

கோடுகள் வலமிருந்து இடமாகச் சாய்ந்திருந்தன. டேவிட் இடதுகைக்காரன்.

"அந்த வருசம் எங்க லைன்ல லெஃப்ட் சீட்டுக்கு நான். இடது கைல போடுறவன் நான் ஒருத்தன்தான். இது நான் போட்ட வண்டிக்கா." பிறகு, தனக்கே சொல்லிக்கொள்வது போல, "கோடு போட்டா நம்ம வேலை முடிஞ்சிது. அது வெளிய போய் எப்படி நிக்குதுன்னு இதுவரைக்கும் நமக்குத் தெரியாது" என்றான்.

அவ்வளவுதான். அந்தக் காரை வாங்கிவிட்டோம். பெயர் மாற்றுவதற்குப் பட்ட பாட்டைச் சொல்லி உங்களை வதைக்கப் போவதில்லை. டீச்சர் கற்பூரம் காட்டி, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து அனுப்பினார். வீட்டுக்கு வந்ததும் அம்மா பாஸ்டரை அழைத்து ஜெபம் செய்ய வைத்தாள். வழியில் எல்லோருக்கும் பரோட்டா வாங்கித் தந்தேன். இசக்கி, எங்க ஊர் பரோட்டாவுக்கு இது உறைபோடக் காணாது என்று குறை சொல்லிக்கொண்டே ஏழு தின்றான். சனிக்கிழமை குமார் சொன்னபடி பிரேக் ஆயில் மாற்றிக் கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை டிராக்கில் போய் நின்றோம். காரிலும் இசக்கியின் பைக்கிலுமாக நாலு பேரும் வந்திருந்தோம். முதலில் காரில் கழன்று ஓடக்கூடிய எல்லாவற்றையும் வெளியே எடுக்கச் சொன்னார்கள். மிதியடிகள், குடை, சீட்டுக்கடியிலிருந்து டீச்சரின் சிவப்பு மைப் பேனாக்கள் மூன்று. பிறகு சோதனை. நரைத்த மீசையோடு ஒருவர் டயரைப் பார்த்தார், தலையாட்டினார். பிரேக்கைப் பார்த்தார், தலையாட்டினார். என் பின்னால் இசக்கியும் குமாரும் பரீட்சை பாஸானவர்கள் போல நின்றார்கள். மீசைக்காரர் பானட்டைத் திறந்து பேட்டரியைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினார். அது அவர் கையோடு வந்தது.

"கிளாம்ப் எங்கம்மா?"

பேட்டரியைப் பிடித்துவைக்கும் இரும்புப் பட்டை இல்லை. யாரோ மெக்கானிக் எப்போதோ கழற்றிவிட்டு, பக்கத்தில் ஒரு ரப்பர் துண்டைச் செருகிவிட்டுப் போயிருந்தான். நாலாவது கியரில் பள்ளிக்கூடம் போனவரைக்கும் அது போதுமாக இருந்தது.

நான் திரும்பிப் பார்த்தேன். இசக்கி குமாரைப் பார்த்தான். குமார் டேவிட்டைப் பார்த்தான். டேவிட் மெல்லிய குரலில், "பேட்டரி நம்ம ஸ்டேஷன் இல்லக்கா" என்றான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மூன்று பேர், ஆளுக்குப் பத்து வருட அனுபவம், மூன்று பேரும் அவரவர் செய்யும் பாகத்தை மட்டும் பார்த்து ஓகே சொல்லியிருக்கிறார்கள். மற்றதை லைனில் அடுத்த இடத்தில் நிற்கும் ஸ்டேஷன்காரன் பார்ப்பான் என்று நம்பியிருக்கிறார்கள். வல்லம் வடகாலில் டீச்சர் வீட்டு வாசலில் அடுத்த ஸ்டேஷன் ஏது! நானாவது பார்த்திருக்க வேண்டும். நான் இவர்களை நம்பினேன்.

"பதினொன்றரைக்கு உங்க பேட்ச். அதுக்குள்ள மாட்டிட்டு வந்தா ஓட்டலாம். இல்லன்னா இல்ல" என்றார் மீசைக்காரர். மணி பத்தே முக்கால்.

டேவிட் முகத்தில் ஒரு நிம்மதி ஓடியதை நான் பார்த்துவிட்டேன். கூடப் பிறந்தவன் முகம் எனக்குத் தெரியாதா? "வுடுக்கா. கார் நல்லபடியா கீதுல்ல, அப்படியே வூட்டுக்கு ஓட்டிகினு போயிடலாம்" என்றான்.

எனக்கு அழுகை வந்தது. மூன்று வருடமாக இந்த ஒரு நாளுக்காகக் காத்திருந்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு. "இப்படி ஆடுற பேட்டரியோட, நாளைக்கு அந்தப் பள்ளம் மேட்டுல அம்மாவை ஏத்திக்கிட்டுப் போயிருப்போம்டா. அது சாஞ்சு கம்பி உரசித் தீப்பிடிச்சா அந்தக் காலோட அம்மா இறங்கி ஓடுவாளா?"

டேவிட் பானட்டுக்கு அடியில் குனிந்தான். பேட்டரியை ஒரு தடவை தானே ஆட்டிப் பார்த்தான். பிறகு இசக்கியின் தோளைத் தட்டினான். "வண்டிய எட்றா."

ஞாயிற்றுக்கிழமை கடை திறந்திருக்குமா? இருவரும் போன பிறகு நானும் குமாரும் கேட்டைப் பார்த்தபடி நின்றோம். அந்த அரை மணி நேரத்தில் மூன்று வாழைப்பழம் தின்றேன். ஏன் என்று தெரியவில்லை. பதினொன்று பத்துக்கு பைக் வந்தது. ஹைவே ஓரத்தில் லாரி பேட்டரி விற்பவர் ஒருவரை வீட்டிலிருந்து கூப்பிட்டுக் கடையைத் திறக்க வைத்திருக்கிறார்கள். டேவிட் யாரையும் கிட்டே விடவில்லை. பட்டையை வைத்து, கொக்கிகளை மாட்டி, இரண்டு நட்டையும் தானே முறுக்கினான். முடித்ததும் அவன் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. மஞ்சளில் இரண்டு கோடுகள், இடப்பக்கம் சாய்ந்து.

மீசைக்காரர் பேட்டரியை ஆட்டினார். கார்தான் ஆடியது. கோடுகளை உற்றுப் பார்த்தார், டேவிட்டைப் பார்த்தார். "லைன்ல வேலையா?" என்று கேட்டுவிட்டு கண்ணாடியில் ஸ்டிக்கரை ஒட்டினார்.

டிராக்கைப் பற்றி என்ன சொல்வது? எதிரே யாரும் வராத சாலையை நம் ஊரில் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஹாரன் இல்லை, மாடு இல்லை. என்னைவிடப் பெரிய கார்கள் நேர்ப்பாதையில் என்னைத் தாண்டிப் போயின. வளைவுகளில் நான் அவற்றின் பின்னாலேயே போய் ஒட்டிக்கொண்டேன். என் சாம்பல் நிற டீச்சர் கார் சொன்ன சொல் கேட்டது. அஞ்சாவது கியர் புதுசாகத்தான் இருந்தது. ஹெல்மெட்டுக்குள் சத்தமாகச் சிரித்துக்கொண்டே ஓட்டினேன். மூன்றாவது சுற்றின் முடிவில் பிரேக் பெடல் கொஞ்சம் ஆழமாகப் போனது. குமார் சொன்னது ஞாபகம் வந்தது. இன்னும் ஒரு சுற்று என்று ஆசை இழுத்தது. அம்மாவின் முழங்காலை நினைத்துக்கொண்டு வெளியே வந்து ஆறவிட்டேன்.

மதியத்துக்கு மேல் கடைசிச் சுற்றுகளில், கையெழுத்துப் போட்டு ஹெல்மெட் மாட்டினால் பக்கத்தில் ஒருவர் உட்காரலாம் என்றார்கள். குமார் தயாராக நின்றான். நான் டேவிட்டைக் கூப்பிட்டேன். வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தான். பெல்ட்டை இழுத்துக் கட்டிக்கொண்டான்.

முதல் வளைவில் அவன் கதவைப் பிடித்துக்கொண்டான். இரண்டாவதில் கையை எடுத்துவிட்டான். அடுத்து வந்த நீளமான வளைவில் நான் வேகத்தைக் குறைக்கவில்லை. கார் முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்து, டயர்கள் முனகின. ஓரக்கண்ணால் பார்த்தேன். டேவிட் ரோட்டைப் பார்க்கவில்லை. இடது கையைக் கீழே விட்டு, சீட் தரையோடு சேரும் இடத்தைத் தொட்டுக்கொண்டிருந்தான். சுற்று முடியும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை. இறங்கிய பிறகு நேராகப் போய் ஒரு பாட்டில் தண்ணீரை முழுதாகக் குடித்தான்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் முன்பே கார் வாசலில் நின்றது. கழுவித் துடைத்திருந்தேன். டேவிட் மார்னிங் ஷிஃப்டை மாற்றிக்கொண்டு கூடவே வந்தான். அம்மா வாக்கரை ஊன்றி வந்து, முன்சீட்டைப் பார்த்துத் தயங்கினாள்.

"பின்னாடியே உக்காந்துக்கறேண்டா. எஸ்தரு ஓட்டுற ஓட்டுக்கு முன்னாடி உக்காந்தா எங்கயாவது போய் விழுவேன்."

டேவிட் அம்மாவின் கையிலிருந்த வாக்கரை வாங்கி மடக்கினான். அவளை மெதுவாக இடது பக்க சீட்டில் உட்காரவைத்து, காலைத் தூக்கி உள்ளே வைத்து, பெல்ட்டைப் போட்டுவிட்டான்.

"உக்காரும்மா. அது அசையாது" என்றான். "நான் உக்காந்து பாத்துட்டேன்."